முதல் சாக்லேட் கேக்கிற்கு ஏற்ற கோகோ தூள்: ஹெர்ஷீஸ் நேச்சுரல் அன்ஸ்வீட்டண்ட்

கேக் செய்து பழக்கமில்லாதவர்கள் முதலில் நாடுவது பெரும்பாலும் ரெடிமிக்ஸ் பொட்டலத்தைத்தான். அதில் சர்க்கரை எவ்வளவு, கோகோ எவ்வளவு என்பதை நாம் தீர்மானிக்க முடியாது என்பதோடு, கேக் ஏன் உப்புகிறது, ஏன் அமுங்குகிறது என்பதும் பிடிபடுவதில்லை. அதைவிட, அமெரிக்காவின் ஹெர்ஷீஸ் நிறுவனத்தின் இனிப்பு சேர்க்காத கோகோ தூளையும், அந்நிறுவனமே நெடுங்காலமாக வெளியிட்டுவரும் ‘பெர்ஃபெக்ட்லி சாக்லேட்’ கேக் செய்முறையையும் சேர்த்து எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிப்பது, முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியே அடித்து மெல்லக் கலப்பது போன்ற கைப்பழக்கம் தேவைப்படும் வேலைகள் எதுவும் அந்தச் செய்முறையில் இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மளிகைக் கடையில் கோகோ என்று கேட்டால் சில வேளைகளில் டிரிங்கிங் சாக்லேட்டை எடுத்து நீட்டுவார்கள். அதில் பெரும்பங்கு சர்க்கரை என்பதால் கேக்கிற்கு அது உதவாது. உறையில் ‘நேச்சுரல் அன்ஸ்வீட்டண்ட்’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ‘டச் பிராசஸ்டு’ அல்லது ‘ஆல்கலைஸ்டு’ எனப்படுவது காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய வேறு வகைத் தூள். நிறம் அடர்ந்தும் சுவை மென்மையாகவும் இருக்கும், ஆனால் கோகோவின் இயல்பான புளிப்பு அதில் தணிந்துவிடும். இந்தச் செய்முறையிலோ பேக்கிங் பவுடரோடு சமையல் சோடாவும் சேர்கிறது. சோடா வேலை செய்ய ஒரு புளிப்புப் பொருள் தேவை. அந்தப் புளிப்பைத் தருவது இயற்கைக் கோகோதான். இரண்டும் சேரும்போது உண்டாகும் கரியமில வாயுவே மாவை உப்பச் செய்கிறது. புளிப்பு போதாவிட்டால் மிச்சமிருக்கும் சோடா, கேக்கில் சோப்பு வாடையாகத் தெரியக்கூடும்.

முழு அளவில் இந்தச் செய்முறை 9 அங்குல வட்டத் தட்டுகள் இரண்டுக்கு உரியது. வீடுகளில் உள்ள சிறிய ஓ.டி.ஜி. எனும் மின்அடுப்பில் இரண்டு தட்டுகளை ஒன்றாக வைக்க இயலாது என்பதால் பாதி அளவே போதும். சர்க்கரை 200 கிராம், மைதா சுமார் 110 கிராம், கோகோ 30 கிராம், பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் தலா முக்கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றை முதலில் ஒன்றாகச் சலித்துக்கொள்ள வேண்டும். கோகோ எளிதில் கட்டி தட்டும் என்பதால் சலிப்பதைத் தவிர்க்கக் கூடாது. இதில் ஒரு முட்டை, 120 மில்லி பால், 60 மில்லி எண்ணெய், ஒரு தேக்கரண்டி வெனிலா எசன்ஸ் சேர்த்து இரண்டு நிமிடம் அடித்தபின், கடைசியாக 120 மில்லி கொதிநீரை ஊற்றிக் கலக்க வேண்டும். சூடான நீரில் கோகோவின் மணமும் சுவையும் நன்றாக வெளிப்படுகின்றன. தண்ணீர் சேர்ந்ததும் மாவு ரவா தோசைக் கரைசல்போல ஓடும். புதிதாகச் செய்பவர்கள் இந்த இடத்தில் அஞ்சி மேலும் இரண்டு கரண்டி மைதாவைப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் கேக் வறண்டுவிடும். மாவு நீர்த்திருப்பதுதான் சரி.

எண்ணெய் விஷயத்தில் நம் சமையலறைக்கு ஒரு எச்சரிக்கை தேவை. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் தங்கள் மணத்தால் கோகோவை மறைத்துவிடும். மணமற்ற சூரியகாந்தி எண்ணெயே பொருந்தும். வெண்ணெய் சேர்த்த கேக் குளிர்பதனப் பெட்டியில் இறுகிவிடும், எண்ணெயில் செய்தது மறுநாளும் மெத்தென்று இருக்கும். சொல்லப்போனால், செய்த அன்றைவிட மறுநாள்தான் இதன் சுவை கூடுதல்.

முன்கூட்டியே சூடாக்கிய அடுப்பில், 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 முதல் 35 நிமிடத்தில் கேக் வெந்துவிடும். நடுவில் குச்சியைக் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாமல் வந்தால் எடுத்து, பத்து நிமிடம் ஆறவிட்ட பிறகு தட்டைக் கவிழ்க்க வேண்டும். அடியில் பட்டர் பேப்பர் விரித்திருந்தால் கேக் உடையாது. ஓ.டி.ஜி. இல்லாதவர்கள் குக்கரிலும் செய்யலாம்; கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே ஸ்டாண்டின்மேல் தட்டை வைத்து, குறைந்த தீயில் கூடுதல் நேரம் வேகவிட வேண்டும். தண்ணீரின்றிக் குக்கரைச் சூடாக்குவது அதற்கு நல்லதல்ல என்பதால், அடி கனமான பழைய பாத்திரம் ஒன்றை இதற்கென ஒதுக்கிவிடுவதையே நான் விரும்புவேன்.

இனிப்பு மிகுதி என்று நினைப்பவர்கள் சர்க்கரையை 160 கிராமாகக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் ஈரப்பதம் குறையும், ஏனெனில் சர்க்கரை இங்கே இனிப்புக்காக மட்டும் சேர்வதில்லை. முட்டை சேர்க்காதவர்கள் அதற்கு ஈடாகக் கால் கப் தயிர் சேர்க்கலாம். கேக் சற்று அடர்த்தியாக வரும், சுவையில் குறையிராது. இதே செய்முறையோடு தரப்படும், கேக்கின்மேல் பூசும் வெண்ணெய் ஃப்ராஸ்டிங்கை நம் ஊர்க் கோடையில் முயல வேண்டாம். மின்விசிறிக்குக் கீழேயே அது வழியத் தொடங்கிவிடும்.

உள்நாட்டில் கிடைக்கும் கோகோ தூள்களைவிட இதன் விலை கூடுதல்தான். ஆனாலும் பாதி அளவுக் கேக்கிற்கு 30 கிராமே தேவைப்படுவதால் 225 கிராம் டப்பா ஏழு கேக்குகளுக்கு வரும். ஈரமான கரண்டியை உள்ளே விடாமல், மூடியை இறுக்கி, அடுப்பின் சூடு படாத அலமாரியில் வைத்தால் தூள் நெடுநாள் கெடாது. கடைக் கேக்கைப் போன்ற கறுத்த நிறத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. இயற்கைக் கோகோ தருவது செம்பழுப்பு நிறந்தான். ஆண்டுக்கு ஒரு முறை, பிறந்தநாளுக்கு மட்டும் கேக் செய்பவர்களாக இருந்தால், இவ்வளவு பெரிய டப்பாவுக்குப் பதிலாக ‘நேச்சுரல்’ என்று குறித்த உள்நாட்டுக் கோகோவின் சிறிய பொட்டலத்தை வாங்கி இதே அளவுகளைப் பின்பற்றினால் போதும்.