31,000 மைல் ஓடிய ஆல்ஃபா ஸ்பைடர்: 12 வருடம் வைத்திருந்து விற்றவனின் மதிப்புரை

பர்மிங்ஹாமில் என் வீட்டுக் கராஜில் இருந்த 1991 ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடரைப் போன மாதம் விற்றுவிட்டேன். சிவப்பு, 2 லிட்டர் எஞ்சின், இடது பக்க ஸ்டியரிங். 2013இல் வாங்கியபோது 22,000 மைல், விற்றபோது 31,000. இந்த மாடலைத் தேடுகிறவர்களுக்கு என் அனுபவம் உதவும்.

பினின்ஃபரீனா என்ற இத்தாலிய வடிவமைப்பு நிறுவனம் வடிவமைத்து, 1966இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி, 1993 வரை தயாரிப்பில் இருந்த கார் இது. என்னுடையது கடைசித் தலைமுறை, பாஷ் நிறுவனத்தின் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உள்ளது. குளிர்ந்த காலையிலும் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். சுமார் 120 குதிரைத்திறன்தான். இன்றைய குடும்பக் கார்கள்கூட இதை முந்திவிடும், அது எனக்குப் பொருட்டே இல்லை. கியர் கம்பி டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து நம்மை நோக்கிச் சாய்ந்து நீளும், கை தானாக அதன் மேல் போய் விழும். மே மாதச் சாயங்காலத்தில் கூரையை மடக்கிவிட்டு, காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகள் பக்கத்து வளைவுகளில் மூன்றாம் கியரில் போய்ப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டியதும் எக்ஸாஸ்ட் சத்தம் கரகரப்பை விட்டுக் கணீரென்று மாறும். அந்த இடத்துக்காகவே இந்தக் காரை வாங்கலாம்.

குறைகளும் உண்டு. கால் நீளமானவர்களுக்கு ஸ்டியரிங் எட்டத்திலும் பெடல் கிட்டத்திலும் இருக்கும். பலத்த மழையில் கூரை ஓரம் கசியும். இரண்டாம் கியரின் சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) இந்த வண்டிகளில் பெயர்போன பலவீனம். கியர் ஆயில் சூடாகும்வரை முதல் கியரிலிருந்து நேராக மூன்றுக்குப் போவதுதான் என் வழக்கம்.

இப்போது மைல் கணக்குக்கு வருகிறேன். நான் வாங்கியதே அந்த 22,000ஐ நம்பித்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் டயரின் பக்கவாட்டைப் பார்த்தேன்: 1401. அதாவது 2001ஆம் ஆண்டின் 14ஆம் வாரம். பார்க்கப் புதிது போல இருந்த டயர் 12 வயதுக் கிழம். பின் பிரேக்கின் காலிப்பர் (தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ஒன்று இறுகிப் போயிருந்தது, பெட்ரோல் குழாயை விரலால் அழுத்தினால் வெடிப்பு விட்டது. ஓடாமல் நிற்பதாலேயே கெட்டுப்போகும் பாகங்கள் ஒரு காரில் எத்தனையோ இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்கப்புறம் 700 மைல் ஓடினாலும் வருடம் ஒரு தடவை ஆயில் மாற்றினேன். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. சாலையில் உப்புத் தூவும் மாதங்களில் வெளியே எடுப்பதில்லை. கதவுக்குக் கீழே நீளவாக்கில் இருக்கும் ‘சில்’ என்ற உடற்பகுதிக்குள் துருவுக்கு எதிரான மெழுகு அடித்தேன். 2021இல் பெட்ரோல் பங்க்குகளில் ஈ10 (10% வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்ததிலிருந்து, எத்தனால் குறைவான சூப்பர் ஈ5 மட்டும்தான். ஒவ்வொன்றுக்கும் ரசீது வைத்திருந்தேன், கோப்பு இரண்டு அங்குலத் தடிமன் ஆகிவிட்டது.

விற்க முயன்றபோது முதலில் வந்த வியாபாரி மீட்டரை மட்டும் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். கோப்பைத் திறக்கவே இல்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, கொடுக்க மனம் வரவில்லை. மைலைச் சரிபார்ப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. வண்டி எண்ணைப் போட்டால், எம்.ஓ.டி. எனப்படும் வருடாந்தரக் கட்டாயத் தகுதிச் சோதனைகளில் 2005 முதல் பதிவான அளவை அரசு இணையதளத்திலேயே யாரும் பார்க்கலாம். இடையிலுள்ள மாதங்களில் வண்டியை எப்படி வைத்திருந்தார்கள் என்பதை ரசீதுகள்தான் சொல்லும்.

மூன்றாவதாக வந்தவர் தரையில் பழைய கம்பளம் விரித்துப் படுத்து, டார்ச் அடித்து அடிப்பாகத்தை அரை மணி நேரம் பார்த்தார். எழுந்து டயர் எண்ணைப் படித்தார். பிறகு கோப்போடு சமையலறை மேசையில் உட்கார்ந்தார். அப்போதே முடிவு செய்துவிட்டேன், கேட்ட விலையில் 500 பவுண்டு குறைத்தும் கொடுத்தேன்.

சாவியைக் கொடுக்கும்போது இரண்டாம் கியர் விஷயத்தை மூன்று தடவை சொன்னேன். தெருமுனைவரை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றேன். முதல் கியரிலிருந்து நேராக மூன்றுக்குத்தான் போட்டார்.