90 டாலர் போச்சு. கேம் லைப்ரரியில் இருக்கிறது, திறக்கத்தான் மாட்டேன் என்கிறது

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். நாளைக்கு உட்கார்ந்தால் பூசி மெழுகிவிடுவேன். ஆன்லைனில் கேம் வாங்குகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள், கடைசியில் என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன்.

கடை பெரிய கடை. டவுன்லோடு முறையில் கேம் விற்கிற தளம். வாங்கியது எல்லாம் நம் கணக்கில் 'லைப்ரரி' என்ற பட்டியலில் இருக்கும். பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் என் கணக்கை முடக்கினாலும் முடக்குவார்கள், நான் காசு கொடுத்து வாங்கிய மற்ற கேம்கள் எல்லாம் அதே கணக்கில்தான் இருக்கின்றன. பணம் கொடுத்தவன் பயப்பட வேண்டியிருக்கிறது, அந்த லட்சணத்தில் இருக்கிறது வியாபாரம்.

கேம், கோட்டை கட்டிக் காவல் காக்கிற வகை. 'தனியாகவும் ஆடலாம், நண்பர்களோடும் ஆடலாம்' என்று விளம்பரப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் தனியாகத்தான் ஆடுவேன். முகம் தெரியாத ஆட்களிடம் ஹெட்செட்டில் திட்டு வாங்க எனக்குப் பொறுமை இல்லை. விலை 99.99 டாலர் என்று போட்டு அதன் மேல் ஒரு கோடு, கீழே பச்சையில் 49.99. பக்கத்தில் தள்ளுபடி முடிய இன்னும் இவ்வளவு நேரம் என்று நொடி நொடியாகக் குறைந்துகொண்டே வரும் கடிகாரம் வேறு. அந்த 99.99-க்கு அதை யாராவது எப்போதாவது வாங்கியிருப்பார்களா என்பது இப்போதுதான் தோன்றுகிறது.

அப்படியும் நான் உடனே வாங்கிவிடவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கடையின் உதவி சாட் பகுதியைத் திறந்து, 'இதை இப்போது வாங்கினால் பின்னாளில் காணாமல் போய்விடாதே?' என்று கேட்டேன். தானாகப் பதில் சொல்லும் பாட் இல்லை, மனிதர்தான், பெயர் போட்டுப் பேசினார். 'கவலையே வேண்டாம், நீங்கள் வாங்கிய கேம் உங்கள் லைப்ரரியில் நிரந்தரமாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம்' என்று பதில் வந்தது. கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அந்த 'நிரந்தரமாக' என்பதைப் பார்த்த பிறகுதான் கார்டு எண்ணைத் தட்டினேன். ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்தேன்.

கேம் நன்றாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆடி ருசி கண்ட பிறகு சீசன் பாஸ், அதாவது பின்னால் வரப்போகும் கூடுதல் பகுதிகளுக்கு முன்கூட்டியே கட்டுகிற பணம், 29.99. நான்கு புதிய நிலப்பரப்புகள் வரும் என்றார்கள், இரண்டு வந்தது. அப்புறம் கேமுக்குள் செலவழிக்கிற காசுப் பொட்டலம் ஒன்று, 9.99. அந்தப் பொட்டலக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது புரிவதில்லை. எனக்குப் பிடித்த கோபுரக் கூரை 800 காசு. பொட்டலமோ 1,000 காசாகத்தான் விற்பார்கள். மீதி 200 காசுக்கு அங்கே ஒரு கதவுத் தாழ்ப்பாள்கூடக் கிடைக்காது. அது அடுத்த பொட்டலத்துக்கான தூண்டில். டாலரை நேராகப் போட்டால் 'ஒரு கூரைக்கு 8 டாலரா' என்று முகம் சுளிப்போம் என்பதால்தான் நடுவில் இந்தப் பொம்மைக் காசு.

மொத்தம் 89.97. இனி 90 டாலர் என்றே எழுதுகிறேன், அந்த மூன்று சென்ட்டை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் ஒரு நாள் கேமின் செய்திப் பகுதியில், புதிய தொப்பி விற்பனைக்கும் வார இறுதிப் போட்டிக்கும் நடுவில், ஒரு அறிவிப்பு. 'நமது பயணம் நிறைவுக்கு வருகிறது, உங்கள் அன்புக்கு நன்றி.' சர்வர்களை மூடுகிறார்களாம். மின்னஞ்சல் கிடையாது. தள்ளுபடி என்றால் மட்டும் வாரம் தவறாமல் மின்னஞ்சல் வருகிறது. அறிவிப்புக்கு முந்தைய நாள் வரை காசுப் பொட்டலம் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான் தனியாக ஆடுகிறவன், எனக்கென்ன என்று இருந்துவிட்டேன். விளம்பரத்திலேயே அப்படித்தானே போட்டிருந்தார்கள். சர்வர் மூடிய பிறகு கேமைத் தட்டினேன். நிறுவனத்தின் சின்னம் வந்தது, இசை வந்தது, என் கோட்டையின் படம்கூடப் பின்னால் மங்கலாகத் தெரிந்தது. கீழே ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. 'சர்வருடன் இணைக்க முடியவில்லை. பிறகு முயலவும்.' பிறகு என்றால் எப்போது? தனியாக ஆடுவதற்கும் உள்ளே நுழையும்போது அவர்கள் சர்வரிடம் அனுமதி கேட்டாக வேண்டுமாம். சேமித்த ஆட்டம் எல்லாம் அவர்கள் பக்கம்தான் இருந்ததாம். விற்கும்போது இதில் ஒரு வரி கண்ணில் படுகிற இடத்தில் இல்லை.

இனி அலைக்கழிப்பு.

முதலில் பாட். 'இணைய இணைப்பைச் சரிபார்த்தீர்களா?' 'கணினியை மறுதொடக்கம் செய்து பாருங்கள்.' அதோடு மல்லுக்கட்டி ஒரு மனிதரைப் பிடித்தேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: 'அன்புள்ள வாடிக்கையாளரே, சரிபார்த்தோம். கேம் உங்கள் லைப்ரரியில் இன்னும் இருக்கிறது. நாங்கள் நீக்கவில்லை. நீங்கள் டவுன்லோடு செய்துகொள்ளலாம்.' உண்மைதான் ஐயா, இருக்கிறது. 80 ஜிபிக்கு மேல் இறக்கி வைத்துக்கொண்டு அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 90 டாலர் கொடுத்து நான் வாங்கியது ஒரு ஐகானை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரீஃபண்ட் காலம் முடிந்துவிட்டதாம். அந்தக் காலத்தை நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அவர்கள் மூடிய நாளிலிருந்து இல்லை. ஸ்டீம் மாதிரி ஆன்லைன் கேம் கடைகளிலும் இதே கதைதான்: வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால்தான் கேள்வி கேட்காமல் தருவார்கள். அது பிடிக்காத கேமைத் திருப்பித் தருவதற்கான விதி. விற்றவனே கடையைச் சாத்தும்போது என்ன என்பதற்கு விதி இல்லை.

'கேமை நிறுத்தியது தயாரிப்பு நிறுவனம், அவர்களைக் கேளுங்கள்' என்றது கடை. தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதினால், 'நீங்கள் எங்களிடம் வாங்கவில்லையே, விற்ற கடையைக் கேளுங்கள்.' இரண்டு பேரும் என் 90 டாலரைப் பங்கு போட்டுக்கொண்டபோது மட்டும் ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். 'அந்தப் பிரதிநிதி அளித்தது பொதுவான தகவல் மட்டுமே, விதிமுறைகளே செல்லுபடியாகும்' என்று பதில். அதோடு என் புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என்று மூடி, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு மின்னஞ்சல். இதற்கு மட்டும் மின்னஞ்சல் வந்தது பாருங்கள்.

சரி, விதிமுறைகளைப் படிப்போம் என்று உட்கார்ந்தேன். உள்ளே எங்கேயோ, கேம் விற்கப்படுவதில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தரப்படுகிறது, அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று இருக்கிறது. எனக்கு மட்டும் நடக்கிற சங்கதி இல்லை இது. யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்தின் 'தி க்ரூ' 2014-இல் வந்த கேம். 2024 மார்ச் 31-இல் சர்வரை மூடினார்கள், தனியாக ஆடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதி. அப்புறம் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே எடுத்தார்கள். அங்கே ஐகானும் மிஞ்சவில்லை. அதைப் பார்த்துக் கொதித்துத்தான் ராஸ் ஸ்காட் என்ற யூட்யூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது தொடர்பான குடிமக்கள் மனுவுக்கு 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. அவர்கள் கேட்பது காலமெல்லாம் சர்வர் நடத்து என்று இல்லை. மூடும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுப் போ என்பதுதான்.

முடியாத காரியமா? அதே யூபிசாஃப்ட் கூச்சலுக்குப் பிறகு 'தி க்ரூ 2'-க்கு ஆஃப்லைனில் ஆட வழி செய்தது. சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்டில் வெளியாகி, இரண்டே வாரத்தில் மூடப்பட்டது. வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் திரும்பியது. கைகழுவுகிறவர்கள் முடியாமல் கைகழுவவில்லை.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் சரக்கை விற்கிற கடை, இது உரிமம்தான் என்பதை வாங்குகிறவருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் தெரிவித்துவிட்டு மூடலாம் என்றும் ஆகிவிட்டது. 70 டாலர் கேம் 80 டாலராக ஏறும்போது கைக்கு வருவது மட்டும் வருஷா வருஷம் தேய்கிறது. முன்பு டிஸ்க்கை ஆடி முடித்து நண்பனுக்குக் கொடுப்போம், பாதி விலைக்கு விற்போம். இதை விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. தோன்றுவதை எழுதிவிடுகிறேன்.

தனியாக ஆடும் கேம் என்றாலும் 'நிலையான இணைய இணைப்பு தேவை' என்ற வரி விளம்பரப் பக்கத்தின் அடியில் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் முழு விலை கொடுக்காதீர்கள். வாங்கினாலும் ரீஃபண்ட் காலம் முடிவதற்குள் ஒரு தடவை வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். ஜிஓஜி (GOG) தளம் மாதிரி, கேமை நிறுவுகிற இன்ஸ்டாலர் கோப்பையே கையில் கொடுக்கிற இடத்தில் அதே கேம் கிடைத்தால் அங்கே வாங்கி, கோப்பைத் தனி டிரைவில் போட்டு வையுங்கள். பெட்டியில் வாங்குகிறேன் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கருவிக்கு வரும் சில பெட்டிகளில் இருப்பது 'கேம் கீ கார்டு'தான். அதில் கேமே கிடையாது, திறப்பதற்கான சாவி மட்டும்தான், கேமை டவுன்லோடு செய்ய வேண்டும். சீசன் பாஸை முன்கூட்டியே வாங்காதீர்கள். காசுப் பொட்டலம் பக்கமே போகாதீர்கள். சாட்டில் யார் எவ்வளவு இனிமையாகச் சத்தியம் செய்தாலும் செல்லாது. எனக்கு அது 90 டாலருக்குத் தெரிந்தது.

ஆங், கடையில் சேமித்து வைத்த கார்டு எண்ணை இப்போதே எடுத்துவிடுங்கள். நான் இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே என் கேமை மூடிய அதே நிறுவனத்தின் அடுத்த கேமுக்கு முன்பதிவுச் சலுகை என்று ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்திருக்கிறது, 'விசுவாசமான வாடிக்கையாளருக்கு' 10 சதவீதம் தள்ளுபடியாம்.