சரளைக் குழியின் நீர்க்கடன்: வாடகை நீரா, தடுப்புச் சுவரா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு வடக்கே சவுத் பிளாட் ஆற்றங்கரையில் சரளை எடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் நீர்க்கணக்கைக் கவனிப்பது என் பணி. எங்கள் இரண்டாவது குழிக்கான நீரிழப்பை எவ்வாறு ஈடுகட்டுவது என்று அண்மையில் நாங்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. குழியைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்புவதைத் தேர்ந்தோம். அந்த முடிவு சரியென்றே நான் கருதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஆற்றுப்படுகையை ஒட்டிய நிலத்தைச் சில அடி தோண்டினாலே நிலத்தடி நீர் வெளிப்பட்டுவிடும். அந்த நீர் மெல்ல நகர்ந்து ஆற்றைச் சேர வேண்டியது. ஆற்று நீரோ, முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்ற முறைப்படி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வாய்க்கால்காரர்களுக்குப் பங்காகிவிட்டது. எனவே குழியில் வெயில் பட்டு ஆவியாகும் ஒவ்வொரு சொட்டும் இன்னொருவருடைய நீர்; அதை நாங்கள் ஆற்றுக்கு ஈடுகட்டியாக வேண்டும். நிலத்தடி நீரை வெளிப்படுத்தும் சரளைக் குழியும் ஒரு கிணறே என்று மாநில உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அதையொட்டிச் சட்டம் வந்தது. 1980-ஆம் ஆண்டு முடிவதற்கு முன்பே நீர் வெளிப்பட்டிருந்த பரப்புக்கு ஆவியாதல் கணக்கிலிருந்து விலக்கு உண்டு. எங்களுடையது புதிய குழி என்பதால் அந்த விலக்கு இல்லை.

இழப்பின் அளவைப் பார்ப்போம். எங்கள் குழி 40 ஏக்கர். மழையால் கிடைப்பதைக் கழித்த பிறகு, இப்பகுதியில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 3 அடி நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், இழப்பு 120 ஏக்கர்-அடி (ஒரு ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடி), அதாவது 14 கோடியே 80 இலட்சம் லிட்டர். இதனுடன், நீர்மட்டத்துக்குக் கீழிருந்து எடுக்கும் சரளை தன் எடையில் 4 விழுக்காடு நீரைச் சுமந்து செல்வதாகக் கணக்கிடுவார்கள்; பாதைகளில் புழுதி அடங்கத் தெளிக்கும் நீரும் சேரும். ஆனால் சரளை சுமக்கும் நீரும் புழுதிக்குத் தெளிக்கும் நீரும் குவாரி மூடப்படும் நாளோடு நின்றுவிடும். ஆவியாதல் மட்டும் நிற்காது. கடைசி லாரி வெளியேறி ஐம்பது ஆண்டுகள் ஆனாலும் அந்த 120 ஏக்கர்-அடியை ஆண்டுதோறும் யாராவது ஆற்றுக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான்.

குழியை மண்ணிட்டுத் தூர்த்துவிட்டால் கடனே இல்லை. ஆனால் 25 அடி ஆழத்துக்கு நிரப்ப மண் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு எங்களிடம் விடை இல்லாததால் அதை விட்டுவிட்டோம்.

எங்கள் முதல் குழி வாடகை நீரில் ஓடுகிறது. மலைக்கு அப்பாலிருந்து கொண்டுவந்த நீரை நகரங்கள் ஒருமுறை பயன்படுத்திச் சுத்திகரித்து ஆற்றில் விடுகின்றன. அந்த நீரின் மீது அவற்றுக்குத் தொடர்ந்து உரிமை உண்டு. அதில் ஒரு பங்கை நாம் ஆண்டு வாடகைக்கு எடுத்து, மாநிலப் பொறியாளரிடம் மாற்று நீர் வழங்கல் திட்டம் ஒன்றைச் சமர்ப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். தொடக்கச் செலவு மிகக் குறைவு. வேலையும் உடனே தொடங்கலாம். இதன் குறை வறண்ட ஆண்டில்தான் தெரியும். எங்களுக்கு நீர் தந்துவந்த நகராட்சி, ஒரு வறண்ட பருவத்துக்கு முன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. வேறிடத்தில் நீர் தேடி அலைந்த அந்த மூன்று மாதங்களில், குழி தோண்டுவதை நிறுத்தினாலும் ஆவியாவது நிற்பதில்லை என்பதை நான் தினமும் உணர்ந்தேன்.

பாசன வாய்க்கால் நீரில் உரிமை தரும் பங்குகளை விலைக்கு வாங்கி, கிரீலியிலுள்ள நீர் நீதிமன்றத்தில் நிரந்தர ஈடுசெய் திட்டம் பெறுவது மற்றொரு வழி. அந்தப் பங்கின் நீரை முன்பு பயிர்கள் எவ்வளவு உறிஞ்சின என்பதை மெய்ப்பித்த அளவுக்கு மட்டுமே மாற்றித் தருவார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். நான் இதை ஆவணங்களில் படித்திருக்கிறேனே தவிர நடத்திப் பார்த்ததில்லை. ஆகவே என் சொல்லை இங்கே அரை எடையில் கொள்வது நல்லது.

இனி நாங்கள் தேர்ந்த சுவர். குழியின் எல்லையைச் சுற்றிச் சுமார் 3 அடி அகலத்தில் அகழி வெட்டி, அடியிலுள்ள களிப்பாறைக்குள் சில அடி இறக்கி, மண்ணும் பென்டோனைட் என்ற, நீரில் ஊறி உப்பும் களிமண்ணும் கலந்த குழம்பால் நிரப்புகிறோம். நிலத்தடி நீரிலிருந்து குழி துண்டிக்கப்பட்டுவிடுவதால் ஆவியாதல் கடன் அடிப்படையிலேயே அற்றுப்போகிறது. தோண்டி முடித்த பிறகு சரிவுகளில் களிமண்ணைக் கெட்டித்து அடைக்கும் முறையும் உண்டு. அதில் சரளை எடுக்கும் காலம் முழுதும் நீரை இறைத்துக்கொண்டும் ஈடுகட்டிக்கொண்டும் இருக்க வேண்டும். சுவரை முதலிலேயே எழுப்பினால் ஏறக்குறைய உலர்ந்த குழியில் வேலை செய்யலாம். களிமண் அடைப்பை நான் ஒரே ஒரு குழியில்தான் பார்த்திருக்கிறேன். நல்ல களிமண் அந்த இடத்திலேயே கிடைத்தால் அதுவே மலிவாக இருக்கக்கூடும்.

சுவர் கட்டினால் மட்டும் போதாது. மாநிலப் பொறியாளர் அலுவலகத்தின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி 90 நாள் கசிவுச் சோதனையில் தேற வேண்டும். சுவரின் பரப்பில் சதுர அடிக்கு நாளொன்றுக்கு 0.03 கன அடியும், அடிப்பரப்பில் 0.0015 கன அடியும் வரம்பு. ஒரு மைல் சுற்றளவும் 30 அடி ஆழமும் கொண்ட எங்கள் சுவருக்கும் 40 ஏக்கர் அடிப்பரப்புக்கும் சேர்த்து இது நாளொன்றுக்கு 7,400 கன அடிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. தாராளமான வரம்புபோலத் தோன்றினாலும், களிப்பாறையில் ஒரு வெடிப்பு இருந்தாலே அதைத் தாண்டிவிடலாம் என்பதால் அடிப்பாறையைத் துளையிட்டுப் பார்க்கும் செலவில் சிக்கனம் பிடிக்கக் கூடாது.

சுவரின் செலவு பெரிதுதான். ஆனால் 2010 முதல் மாநிலச் சுரங்கச் சீரமைப்புத் துறை, நீரை வெளிப்படுத்தும் குழிகளுக்குத் தூர்க்கவோ சுவரெழுப்பவோ ஆகும் தொகையைப் பிணையாகக் கேட்கிறது. இல்லையேல் நிரந்தரமாக ஒதுக்கிய நீருரிமையைக் காட்ட வேண்டும். வாடகை நீரில் ஓடினாலும் அந்தப் பிணை நம் தலைமீது இருக்கும். மேலும், சுவர் சூழ்ந்த குழி பின்னர் நீர்த்தேக்கமாகிறது. சரிவுகளைக் கழித்தாலும் எங்கள் குழி சுமார் 850 ஏக்கர்-அடி கொள்ளும். டென்வர் நகர நீர் வாரியம் உட்பட இப்பகுதி நகரங்கள் பழைய சரளைக் குழிகளைத் தேக்கங்களாகப் பயன்படுத்துகின்றன. கொள்ளளவுக்கு விலை கிடைக்கிறது. சுவரில்லாத ஏரியை வாங்குபவரோ அதனுடன் 120 ஏக்கர்-அடி கடனையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

சுவரால் வரும் தீங்கையும் மறைக்கக் கூடாது. நிலத்தடி நீரின் ஓட்டத்தை அது மறிப்பதால், நீர் வரும் பக்கம் மட்டம் உயர்ந்து அண்டை வீடுகளின் நிலவறைகளில் கசியலாம். மறுபக்கத்துக் கிணறுகளில் மட்டம் தாழலாம். எங்கள் எல்லையில் மூன்று கண்காணிப்புக் கிணறுகளை வைத்து வாரந்தோறும் அளக்கிறேன். நீர் வரும் பக்கத்துக் கிணற்றில் மட்டம் ஏற்கெனவே ஓர் அடி ஏறியிருக்கிறது. பனி உருகும் பருவத்துக்கு முன் சுவரின் வெளிப்புறத்தில் ஒரு வடிகால் பதிக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்.