பூரி – கொனார்க் – சிலிகா குழுச் சுற்றுலா: முன்பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

மே மாத விடுமுறையில் ஒடிசா போகலாம் என்று நினைப்பவர்கள், "பூரி, கொனார்க், சிலிகா, எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் நோட்டீஸை நம்பிப் பணம் கட்டும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். அம்மா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு அப்படி ஒரு குழுவில் போய் வந்தோம். ஆளுக்கு 19,500 ரூபாய், ரயில் செலவு தனி. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் இருக்கிறது, அது முடியட்டும். தவிர, கிட்டத்தட்ட இதே நோட்டீஸை வேறு வேறு பெயரில் இன்னும் சிலர் ஓட்டுகிறார்கள். ஒரு பெயரை மட்டும் சொல்லி மற்றவர்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தருவானேன்?

நோட்டீஸில் இருந்தது இவ்வளவு: புவனேஸ்வரில் லிங்கராஜர் கோயில், உதயகிரி – கண்டகிரி குகைகள், தவுளி. பிப்பிலி வழியாகக் கொனார்க். பூரியில் கடற்கரை விடுதி, ஜகந்நாதர் சிறப்புத் தரிசனம், ரகுராஜ்பூர் ஓவியக் கிராமம். கடைசியாகச் சிலிகா ஏரியில் டால்பின், நளபணா பறவைத் தீவு, காளிஜாய் கோயில், கடல் முகத்துவாரம். தமிழ் பேசும் வழிகாட்டி, நம் ஊர்ச் சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் அடக்கம். ஓரத்தில் பூநாரைக் கூட்டத்தின் படம் வேறு.

தமிழ் பேசும் வழிகாட்டி என்பவர் சென்னையிலிருந்து எங்களோடு ரயிலில் வந்த ஒரு தம்பி. தலை எண்ணுவதும் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பதும்தான் அவர் வேலை. புவனேஸ்வரில் இந்தி பேசும் இன்னொருவர் ஏறினார். அவர் பத்து வாக்கியம் பேசினால், தம்பி அதை ஒரு வாக்கியமாக்கி எங்களிடம் சொல்வார். உதயகிரியில் யானைக் குகை என்கிற ஹாத்திகும்பா இருக்கிறது. கலிங்க அரசன் காரவேலன் தன் வெற்றிகளைப் பொறித்து வைத்த இடம், அதில் தமிழ் நாட்டு அரசர்களின் கூட்டணியை உடைத்ததாகவும் வரி வருகிறது. தமிழ் ஆட்களாக ஏற்றிக்கொண்டு வந்த பேருந்து, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கீழே நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பியது. அவசரம் எதற்கு என்று அப்போது தெரியவில்லை. மறுநாள் தெரிந்தது.

மறுநாள் கொனார்க். போகிற வழியில் பிப்பிலி. கோயில் குடைகள், விதானங்கள், தேர்ச்சீலைகள் எல்லாம் துணியின் மேல் துணி வெட்டித் தைக்கிற ஊர் அது. சாலையின் இரண்டு பக்கமும் கடைகளில் வண்ண வண்ணமாகத் தொங்கும். எங்கள் வண்டி அந்தத் தெருவில் நிற்கவே இல்லை. ஊரைத் தாண்டி, தனியாக நின்ற ஒரு பெரிய கடை வாசலில் நின்றது. நாங்கள் இறங்க இறங்க, வாசலில் நின்ற பையன் பேருந்து எண்ணையும் எத்தனை பேர் என்பதையும் நோட்டில் குறித்துக்கொண்டான். உள்ளே சம்பல்பூர்ப் பட்டு என்று காட்டிய புடவையில் பின்பக்கம் வடிவம் மங்கலாகத் தெரிந்தது. நூலிலேயே கட்டிச் சாயம் போட்டு நெய்கிற புடவை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இது அச்சடித்தது. அங்கிருந்து கிளம்பி அடுத்த முந்திரிக் கடை. அப்புறம் மதியச் சாப்பாடு.

கொனார்க்கில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. "நாற்பது நிமிஷம், எல்லாரும் சீக்கிரம்" என்றார் தம்பி. 13ஆம் நூற்றாண்டில் நரசிம்மதேவன் கட்டிய சூரியன் கோயில், 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, நாற்பது நிமிஷம்! வழிகாட்டி எங்களை ஒரு சக்கரத்தின் முன் நிறுத்தி, கோபுர உச்சியில் காந்தம் இருந்தது, அது கப்பல்களை இழுத்தது என்ற கதையை மட்டும் சொன்னார். அந்தக் காந்தத்துக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கண் முன்னால் இருந்ததைச் சொல்லவில்லை. சக்கரத்தில் எட்டு அகல ஆரம், எட்டு மெல்லிய ஆரம், அச்சின் நிழல் விழும் இடத்தை வைத்து நேரம் கணக்கிடலாம். முன்மண்டபத்துக்குள் ஏன் போக முடியவில்லை என்று அப்பா கேட்டார். இடிந்து விழாமல் இருக்க ஆங்கிலேயர் காலத்தில், 1903இல், உள்ளே மணல் கொட்டி அடைத்தார்கள். அதைச் சொன்னது பக்கத்தில் வேறு குழுவைக் கூட்டி வந்திருந்த உள்ளூர் வழிகாட்டிதான். நுழைவுச் சீட்டில் 40 ரூபாய் என்று அச்சாகியிருந்தது, எங்களிடம் வாங்கியது ஆளுக்கு 100. கட்டணம் அடக்கம் என்று நோட்டீஸில் இருக்கிறதே என்றேன். "அது பழைய நோட்டீஸ் சார்."

பூரி விடுதி கடற்கரையில் இல்லை. சொர்க்கத்வாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. சொர்க்கத்வாரம் என்பது கடற்கரையிலேயே இருக்கும் மயானம். அதைப் புனிதமாக நினைப்பவர்களுக்குக் குறையில்லை, ஆனால் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். சாப்பாட்டைப் பற்றி எழுதி என்ன ஆகப் போகிறது, சாம்பார் என்ற பெயரில் மஞ்சள் தண்ணீர்.

கோயிலில் "சிறப்புத் தரிசனம்" என்பது எங்களை ஒரு பண்டாவிடம், அதாவது கோயில் பூசாரியிடம், ஒப்படைப்பது. பொதுத் தரிசனத்துக்கு அங்கே கட்டணமே கிடையாது. அவர் கூட்டிப் போனதும் எல்லாரும் நிற்கிற அதே வரிசையில்தான். உள்ளே போனதும் உட்காரவைத்து, நீளமான நோட்டை விரித்து, "அம்மா, பிள்ளைங்க பேர் சொல்லுங்க" என்று தமிழிலேயே ஆரம்பித்தார். பேரும் ஊரும் எழுதியாயிற்று, பக்கத்தில் தொகை எழுத வேண்டும். மேலே ஏற்கெனவே 5,100, 11,000 என்று எழுதியிருக்கிறது. யார் எழுதினார்களோ. அம்மா கை நடுங்க என்னைப் பார்த்தார். அப்பா, "தட்டில் போடுகிறதைப் போட்டுட்டு வா, எழுத வேண்டாம்" என்றார் சத்தமாகவே. உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. கையில் பணம் இல்லை, ஜிபேயும் இல்லை என்று சொன்னவர்களோடு அவர் வாசல் வரை கூடவே வந்தார். மகாபிரசாதம் வேண்டுமென்றால் யாருக்கும் முன்பணம் தர வேண்டியதில்லை. வளாகத்துக்குள்ளேயே ஆனந்த பஜாரில் மண்சட்டியில் சோறும் பருப்பும் விற்கிறார்கள், நேராகப் போய் வாங்கலாம்.

இதில் எனக்கு அதிகக் கோபம் எது தெரியுமா? நாங்கள் போனது தேர் கட்டுகிற காலம். அட்சய திருதியையில் வேலை தொடங்கி, கோயிலுக்கு முன்னால் இருக்கும் அகலமான பெரிய வீதியில், ராஜாவின் அரண்மனை எதிரில், தச்சர்கள் மூன்று தேர்களையும் புதிதாகச் செய்கிறார்கள். ஜகந்நாதர் தேருக்கு 16 சக்கரம், பலபத்திரருக்கு 14, சுபத்திரைக்கு 12. ஒவ்வொரு வருடமும் புதுத் தேர். முந்தின நாள் கொனார்க்கில் கல்லில் பார்த்த சக்கரத்தை, இங்கே உளியும் வாச்சியுமாக மரத்தில் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். காசு கொடுக்காமல், தெருவில் நின்றே பார்க்கலாம். வழிகாட்டி அந்தப் பக்கம் கையைக்கூட நீட்டவில்லை. அங்கே கடை இல்லையே! சாயங்காலம் நாங்களாக நடந்து போய்ப் பார்த்தோம். அப்பா ஒரு மணி நேரம் நகரவில்லை.

ரகுராஜ்பூர் "நேரமில்லை" என்று ரத்தானது. பூரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்குப் பதிலாக நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டசித்ரா (ஒடிசாவின் துணி ஓவியம்) என்று பலகை போட்ட ஒரு கடையில் நிறுத்தினார்கள். அங்கே இருந்ததில் பாதி அச்சுப் படம். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். உண்மையான பட்டசித்ராவுக்குத் துணியில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணப் பொடியும் பூசி, காயவைத்து, கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். தொட்டால் தோல் மாதிரி இருக்கும். மாலையில் நாங்கள் சிலர் ஆட்டோ பிடித்து ரகுராஜ்பூருக்குப் போனோம். ஒடிசி குரு கேளுசரண் மகாபாத்ரா பிறந்த ஊர். திண்ணை திண்ணையாக உட்கார்ந்து வரைகிறார்கள், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பனையோலைக் கீறலை விரித்துக் காட்டுகிறார்கள்.

இனி சிலிகா. தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

டால்பின் பார்க்கப் போவது சதபடா. பூரியிலிருந்து சுமார் 50 கி.மீ., கடல் முகத்துவாரத்துப் பக்கம். காளிஜாய் கோயிலுக்குப் படகு ஏறுவது பார்குல், பாலுகாவ் பக்கம். அது ஏரியின் மேற்குக் கரை, சென்னை – ஹவுரா ரயில் பாதை போகிற பக்கம். ரயில் ஜன்னலில் ஏரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் கிட்டத்தட்ட 1,000 சதுர கிலோமீட்டர் தண்ணீர். பூரியில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் இரண்டையும் சுற்றுலாப் படகில் பார்ப்பது ரொம்பக் கஷ்டம். நளபணா பறவைகளோ குளிர்காலத்தில் வருகிறவை, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் கூட்டம். மே மாதத்தில் பூநாரைப் படம் போட்டு ஆள் பிடிப்பது பச்சைப் பொய். வரைபடத்தைப் பார்க்காதவர்களை நம்பித்தான் இந்த நிரல் எழுதப்பட்டிருக்கிறது.

படகுத்துறையில் டீசல் ஏறிவிட்டது என்று ஆளுக்கு 600 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். உயிர்காப்பு உடை பாதிப் பேருக்குத்தான் இருந்தது, அதிலும் பல கொக்கி இல்லாதவை. வயதானவர்களுக்குக் கொடுக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டியிருந்தது. டால்பின் கண்ணில் பட்டது, அதைச் சொல்லியாக வேண்டும். ஐராவதி டால்பின், அலகு நீண்டிருக்காது, உருண்டைத் தலை. படத்தில் வருவதுபோல் துள்ளாது. சாம்பல் நிற முதுகு ஒரு தரம் எழும்பி அமுங்கும், அவ்வளவுதான். எங்கள் படகோட்டி இன்ஜினை அணைக்காமல் அதைத் துரத்தினார். அணைக்கச் சொன்னோம், கேட்கவில்லை.

அங்கிருந்து ஒரு மணல் திட்டில் இறக்கினார்கள். தென்னங்கீற்றுக் கொட்டகை, வறுத்த இறால், டீ. அதற்குப் பக்கத்தில் வாளியில் சிப்பிகளோடு ஒருவர் குந்தியிருந்தார். "இந்த ஏரிச் சிப்பி, நீங்களே ஒன்று எடுத்துக் கொடுங்கள்" என்றார். எங்கள் குழுவில் வந்த மதுரைக்கார டீச்சரம்மா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சின்னச் சுத்தியலால் ஓரத்தில் இரண்டு தட்டு, சிப்பி வாய் திறந்தது. வழவழவென்ற சதைக்குள் விரலை விட்டுத் துழாவி, ஒரு முத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். கூட்டம் "ஆ" என்றது. லைட்டரைக் கொளுத்தி முத்தில் காட்டினார், கருகவில்லை. அடுத்து ஒரு கல் மாதிரி உருண்டையை உடைத்துச் சிவப்பாக ஒன்றை எடுத்து, "பவழம், செவ்வாய் தோஷத்துக்கு" என்றார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய இடது கையை. சிப்பியைப் பிடித்த அந்தக் கையின் கடைசி இரண்டு விரலும் ஆரம்பம் முதல் மடங்கியே இருந்தன. முத்து வந்த பிறகுதான் விரிந்தன. உயிரோடு இருக்கும் சிப்பி இரண்டு தட்டில் வாய் திறக்காது, கத்தி போட்டுத்தான் திறக்க வேண்டும். அது செத்த சிப்பி, நாற்றமும் அடித்தது. பவழம் கடலில் வளர்வது, நகைக்கு வருகிற சிவப்புப் பவழம் உவர்நீர் ஏரியில் கிடைக்காது. டீச்சரம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். ஆனால் எங்கள் தம்பி குறுக்கே வந்து, "மேடம், இது இங்க மட்டும்தான் கிடைக்கும், ஊர்ல பத்து மடங்கு விலை" என்றார். 2,000 என்று தொடங்கிய முத்து, கிளம்பும் நேரத்தில் மூன்று முத்து 500 ரூபாய்க்கு என்று இறங்கியது. அதற்குள் டீச்சரம்மா பவழத்தையும் சேர்த்து 3,000 கொடுத்திருந்தார். ஊர் திரும்பி நகைக்கடையில் காட்டியிருக்கிறார். முத்து என்றது கண்ணாடி மணியின் மேல் பூச்சு, பவழம் என்றது சாயக் கண்ணாடி. முத்தைப் பல்லில் லேசாகத் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அசலானது நறநறவென்று இருக்கும், போலி வழுக்கும். சிலிகாவில் இந்த வித்தை ரொம்ப நாளாகவே நடக்கிறது, நீங்கள் தனியாகப் போனாலும் படகுக்காரர் அங்கே நிறுத்தத்தான் பார்ப்பார். டீ குடியுங்கள், வாளிப் பக்கம் போகாதீர்கள்.

போகத்தான் வேண்டும் என்றால் குளிர்காலத்தில் போங்கள். ஒடிசா அரசு சுற்றுலாக் கழகத்துக்குப் பூரியிலும் பார்குலிலும் பாந்தநிவாஸ் விடுதிகள் இருக்கின்றன, சதபடாவிலும் தங்கும் இடம் உண்டு. பூரியிலிருந்து கொனார்க் கடலோரச் சாலையில் 35 கி.மீ.தான், காலையில் கிளம்பினால் வெயில் ஏறும் முன் நிதானமாகப் பார்க்கலாம். குழுவோடுதான் போக முடியும் என்கிற நிலையில் இருந்தால், எந்த நாள் எந்தப் படகுத்துறை, எந்த விடுதி, எத்தனை கடை நிறுத்தம் என்று எழுத்தில் கேளுங்கள். விடுதிப் பெயரை "அங்கே போய்ச் சொல்கிறோம்" என்றால் விட்டுவிடுங்கள்.

திரும்பி வந்து பணம் கேட்டபோது, அடுத்த பயணத்தில் ஆளுக்கு 1,500 கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். நிறுவனம் பதில் போடவில்லை. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாக மனு கொடுத்தேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் நோட்டீஸ், பணம் அனுப்பிய விவரம், 40 ரூபாய் கொனார்க் சீட்டு, விடுதி வாசல் படம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். டீச்சரம்மாவும் தனியாக மனு கொடுத்திருக்கிறார். அதே மே மாதக் குழுவில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், படகுத்துறையில் கொடுத்த 600 ரூபாய்க்கு ரசீது ஏதாவது கையில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குக் கேட்டும் தரவில்லை.