கஷ்டப்பட்டு மீண்டவர்கள் ஹெல்த் கோச் ஆகலாமா? நான் முடித்த ஆன்லைன் கோர்ஸ் பற்றி

ஹெல்த் கோச் என்பவர் சாப்பாடு, நடை, தூக்கம் போன்ற பழக்கங்களை மாற்ற நினைப்பவரோடு கூட உட்கார்ந்து பேசி உதவுகிற ஆள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோர்ஸ் நல்ல கோர்ஸ்தான். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். எதிரில் இருப்பவர் பேசும்போது எப்படிக் கேட்பது, எந்த இடத்தில் நாம் வாயைத் திறக்கக் கூடாது என்பதை இவ்வளவு பொறுமையாக எனக்கு வேறு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் கையில் காசு இல்லாத, தனக்கென்று அரை மணி நேரம் இல்லாத, வீட்டில் தன் பேச்சு எடுபடாத பெண்களோடு வேலை செய்ய வேண்டும் என்று நினைத்து இதில் சேருபவர்களுக்கு, கோர்ஸ் பாதி தூரம்தான் கூட வரும். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. சேருவதற்கு முன் நான் விசாரித்த மற்ற கோர்ஸ்களின் பாடத்திட்டமும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருந்தது, குறையும் அதே குறைதான்.

நான் ஏன் சேர்ந்தேன் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கர்ப்பமாக இருந்தபோது எனக்குச் சர்க்கரை வந்தது. குழந்தை பிறந்ததும் சரியாகிவிடும் என்றார்கள், சரியாகவும் ஆனது. பிரசவமான 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும், அதன் பிறகும் 1 முதல் 3 வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டிஸ்சார்ஜ் ஆன அன்று யாரும் சொல்லவில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவர்களைவிடக் குறைந்தது ஏழு மடங்கு அதிகம். இது எனக்குத் தெரியவந்தபோது எனக்கு டைப் 2 வந்துவிட்டிருந்தது. அதற்குள் கணவர் பிரிந்து போயிருந்தார், கைக்குழந்தை, கடன், தூக்கம் இல்லாத வேலை. டாக்டர் "வெயிட்டைக் குறைங்க, தினமும் நடங்க, டென்ஷன் ஆகாதீங்க" என்றார். மூன்றுமே சரியான பேச்சுதான். குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு நடக்கப் போவது என்பதைத்தான் யாரும் கூட உட்கார்ந்து யோசிக்கவில்லை. அப்படி உட்காருகிற ஆளாக நான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

சரி, கோர்ஸுக்கு வருவோம். இதன் முதுகெலும்பு மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் என்கிற பேச்சுமுறை. குடிப்பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களோடு வேலை செய்த வில்லியம் மில்லர் 1983-இல் இதை முதலில் எழுதினார், பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து விரிவாக்கினார். அறிவுரை சொல்லச் சொல்ல மனிதர்கள் பழைய பழக்கத்துக்குத்தான் வக்காலத்து வாங்குவார்கள், மாற வேண்டிய காரணம் அவர்கள் வாயிலிருந்தே வர வேண்டும் என்பது இதன் சாரம்.

கேட்க எளிது, செய்யும்போதுதான் தெரியும். பயிற்சியாளர் ஒரு நாள் செய்து காட்டினார். கிளையன்டாக நடித்தவர், "எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு, பாத்திரம் கழுவி, நான் சாப்பிட உட்காரும்போது மணி பதினொண்ணு ஆயிடுது" என்றார். பயிற்சியாளர் முதலில், "எட்டு மணிக்குள்ள சாப்பிடப் பாருங்க" என்றார். "சரிங்க" என்ற பதிலோடு பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அதே காட்சியைத் திரும்பச் செய்யச் சொன்னார். இந்த முறை அவர் சொன்னது, "எல்லாரையும் கவனிச்சு முடிச்ச பிறகுதான் உங்க முறை வருது." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தப் பெண், "ஆமா, அதுவும் நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவேன்" என்றார். நடிப்பாக ஆரம்பித்தது நடிப்பாகவே இல்லை. அதன் பிறகு ராத்திரி வேலையில் எதை யாரிடம் கொடுக்கலாம் என்று அவரே பேச ஆரம்பித்தார், யாரும் கேட்காமலே. இந்த ஒரு வகுப்புக்காகவே நான் கட்டிய பணம் தகும்.

இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு விஷயத்தைச் செய்ய முடியும் என்று எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது, 0 முதல் 10-க்குள் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். அவர் 4 என்றால், "ஏன் 8 இல்லை?" என்று கேட்கக் கூடாது, "ஏன் 2 சொல்லாம 4 சொன்னீங்க?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு இயலாமையைத்தான் பட்டியல் போடுவார்கள், இரண்டாவது கேள்விக்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தேடுவார்கள். நான் இன்றும் ஒவ்வொரு அமர்விலும் இதைப் பயன்படுத்துகிறேன்.

எல்லைகளைப் பற்றியும் கறாராக இருந்தார்கள். கோச் நோயைக் கண்டுபிடிக்கக் கூடாது, மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ சொல்லக் கூடாது, லேப் ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்லக் கூடாது. அதேபோல நம் சொந்தக் கதையை அமர்வுக்குள் கொண்டுவருவது பற்றியும். எதிரில் இருப்பவருக்கு அது இப்போது உதவுமா, இல்லை எனக்குச் சொல்லித் தீர்க்க வேண்டியிருக்கிறதா என்று ஒரு நொடி யோசிக்காமல் பேசாதே என்றார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இது மிக முக்கியம். நான் பட்டது எனக்கு அக்கறையைக் கொடுத்தது, திறமையைக் கொடுக்கவில்லை. திறமை பயிற்சியில்தான் வந்தது. நம் கஷ்டத்தைப் பார்த்து நம்மிடம் வருகிறவர்கள் நம் வழியையே அப்படியே பின்பற்றப் பார்ப்பார்கள், அவர்கள் வீட்டு நிலைமைக்கு அது ஒத்துவராமல் போகலாம்.

இப்போது குறை. பாடத்தில் வருகிற கிளையன்ட் எல்லாருக்கும் சொந்தமாக ஒரு ஸ்மார்ட்போன், கையில் வாட்ச், தனி அறை, வாரத்தில் ஒரு மணி நேரம். சாப்பாட்டைப் போட்டோ எடுத்து ஆப்பில் போடச் சொல்லுங்கள், தினமும் மெசேஜ் அனுப்பி ஊக்கப்படுத்துங்கள் என்கிறார்கள். நான் சந்திக்கிற பெண்களில் பலருக்குப் போன் வீட்டில் பொது. நாம் அனுப்புகிற மெசேஜைக் கணவரோ மாமியாரோ மகனோ முதலில் படிப்பார்கள். "நேத்து நீங்க சொன்னதைப் பற்றி யோசிச்சேன்" என்று நல்ல மனதோடு நாம் அனுப்புகிற ஒரு வரி அந்த வீட்டில் பெரிய சண்டையாக முடியலாம். உலகளவில் மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையைச் சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியிருக்க, பாதுகாப்பாகப் பேச முடிகிற நேரம் எது, ஸ்பீக்கரில் இருக்கிறீர்களா, யாராவது வந்துவிட்டால் பேச்சை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே வர வேண்டிய பாடம். இங்கே கடைசியில் ஒரே ஒரு குட்டி வகுப்பு.

கோச்சிங் வேலை செய்யும் என்பதற்கு ஆதாரமாக 2002-இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். 3,234 பேர் கலந்துகொண்டது அது. வாரம் 150 நிமிட நடை, உடல் எடையில் 7 சதவீதக் குறைப்பு என்று கோச் துணையோடு பழக்கத்தை மாற்றியவர்களுக்கு டைப் 2 வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் அதில் பழக்கத்தை மாற்றிய குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு கோச் இருந்தார், ஆரம்பத்திலேயே 16 அமர்வுகள் இருந்தன, அதற்கும் மேல், வழியில் வரும் தடைகளைச் சமாளிக்க என்றே ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இதை வகுப்பில் சொல்லவே இல்லை. 58 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மனஉறுதியைப் பற்றிப் பேசினால், நடக்க முடியாத பெண் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வார்.

மீதியை நான் ஒரு ஆரம்ப சுகாதார மையத்தில் தன்னார்வலராகப் போய்க் கற்றேன். கோர்ஸில் ஒரு பிரஷர் மெஷினைக் கையில் தொடக்கூட வாய்ப்பு இல்லை. அங்கே இருந்த நர்ஸ் அக்காதான் சொல்லித் தந்தார். வந்தவுடன் பட்டையைச் சுற்றக் கூடாது. முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைக்க வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது, கை இதயத்தின் உயரத்தில் எதன் மேலாவது இருக்க வேண்டும், அளக்கும்போது பேசக் கூடாது. உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்பதால் இந்தச் சின்ன வேலையே பெரிய வேலை. அந்த ஐந்து நிமிடம் யாரும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருப்பது பல பெண்களுக்குப் புதிது. பட்டையைக் கழற்றியதும் அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.

அங்கே கற்ற இன்னொரு பழக்கம், "புரிஞ்சுதா?" என்று கேட்காமல் இருப்பது. எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். "வீட்டுல கேட்டா இதை எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டால் எங்கே தடுக்குகிறது என்று நமக்கே தெரிந்துவிடும்.

கோர்ஸ் "தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்புங்கள்" என்று ஒரே வரியில் முடித்த இடத்தில் எனக்கு நிறைய அலைச்சல். யாரிடம், எவ்வளவு செலவில், எந்த நாளில்? பிரசவமான பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது. இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமில்லை, அழுகையாக வருகிறது என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே கையில் கொடுக்க நம்மிடம் ஒரு பெயர் இருக்க வேண்டும். இலவச கவுன்சலிங், பெண்களுக்கான உதவி எண், சட்ட உதவி, தங்கும் இடம், கட்டணமில்லாத லேப் என்று ஒரு பட்டியலை நானே போன் செய்து விசாரித்துத் தயார் செய்து வைத்திருக்கிறேன், அவ்வப்போது திரும்பவும் கூப்பிட்டுச் சரிபார்க்கிறேன். இதை எல்லா மாணவர்களுக்கும் கட்டாய வீட்டுப்பாடமாக வைத்திருக்கலாம்.

வருமானம் பற்றி. வீட்டிலிருந்தே கைநிறையச் சம்பாதிக்கலாம் என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பிச் சேர வேண்டாம். நாம் யாருக்காக வேலை செய்ய நினைக்கிறோமோ அவர்களால் கட்டணம் தர முடியாது, வேறு ஒருவர்தான் தர வேண்டும். கிளினிக், தொண்டு நிறுவனம், நிறைய பெண்கள் வேலை செய்கிற இடம் என்று தேட வேண்டும். எனக்கு இப்போது ஒரு தொண்டு நிறுவனம் குழு அமர்வுகளுக்குப் பணம் தருகிறது, பழைய வேலையையும் பகுதி நேரமாக வைத்திருக்கிறேன். குழு அமர்வில் இன்னொரு நன்மையும் உண்டு, ஒருவர் குழந்தையை இன்னொருவர் பார்த்துக்கொள்ள, மாற்றி மாற்றி நடக்கப் போகிறார்கள். இந்த யோசனை அவர்களுடையது, எனக்குத் தோன்றவே இல்லை.

பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் தன்னை ஹெல்த் கோச் என்று சொல்லிக்கொள்ளலாம், அதனால் சான்றிதழைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். அமெரிக்காவில் 2017 முதல் இதற்குத் தேசிய அளவில் தேர்வு இருக்கிறது, அதை எழுதவே ஒவ்வொன்றும் குறைந்தது 20 நிமிடம் நீடித்த 50 அமர்வுகளின் பதிவைக் காட்ட வேண்டும். எந்தக் கோர்ஸையும் எடைபோட இது நல்ல அளவுகோல். பணம் கட்டும் முன், நான் பேசுவதை யாராவது நேரில் கேட்டுத் திருத்துவார்களா, எத்தனை தடவை, பயிற்சிக்கு வருகிற கிளையன்ட் யார் என்று கேளுங்கள். வீடியோ மட்டும்தான் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் காயம் இன்னும் ஆறவில்லை, பேச்செடுத்தாலே உடம்பு நடுங்குகிறது என்றால் முதலில் உங்களுக்குக் கவுன்சலிங், அப்புறம் கோர்ஸ். தவணையில் கட்டலாமா, குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் அடுத்த பேட்ச்சில் சேர்ந்துகொள்ளலாமா என்பதற்கான பதில்களை மட்டும் போனில் கேட்டுக்கொண்டு விட்டுவிடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.