ஏலத்தோட்டக் கவாத்துக்குக் கிளைம்பிங் ஸ்டிக்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வீடு தேனி மாவட்டம் கம்பத்தில், ஏலத்தோட்டம் மலைக்கு மேலே கேரளத்து வண்டன்மேடு பக்கம். நிழல் மரங்களில் ஏறிக் கவாத்து செய்ய, அதாவது கிளை கழிக்க, நாலு துண்டு கிளைம்பிங் ஸ்டிக் வைத்திருக்கிறோம். மரத்தோடு வாரால் கட்டி ஏறுகிற துண்டு ஏணி அது. சில வருடங்களாக மலை மழையிலும் வெயிலிலும் நன்றாக அடிபட்டவை. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கவாத்துக்கு வாங்குங்கள், மிளகு பறிக்க வாங்காதீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், மரத்தைச் சுற்றி இறுக்குகிற அந்த வார்.

இது தோட்டக்காரர்களுக்காகச் செய்த பொருள் இல்லை. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், முக்கியமாக வில்லோடு போகிறவர்கள், தரையிலிருந்து பதினைந்து இருபது அடி உயரத்தில் மரத்தோடு ஒட்டி உட்கார்ந்து காத்திருப்பார்கள். விடியுமுன்னே காட்டுக்குள் வெகுதூரம் நடக்க வேண்டும் என்பதால் ஏணியைத் துண்டு துண்டாக முதுகில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி செய்தார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு அலுமினியக் குழாய். நீளம் ஒன்றரை அடியிலிருந்து இரண்டரை அடிவரை, மாடலுக்கு மாடல் மாறும். மேலே ஒரு மிதி, கீழே ஒரு மிதி. மரத்தைக் கவ்வ V வடிவில் பல் வைத்த தாங்கிகள், கட்டுவதற்கு ஒரு வார். எடை துண்டுக்கு ஒரு கிலோவை ஒட்டி வரும். கார்பன் ஃபைபரிலும் டைட்டானியத்திலும் இன்னும் லேசாக வருகிறது, விலை எங்கேயோ போய்விடும். பெரும்பாலானவற்றில் 300 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோ தாங்கும் என்று அச்சடித்திருப்பார்கள்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்காக இதை வாங்குகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியைச் சுட உத்தரவு தரும் அதிகாரத்தைக் கேரளத்தில் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். அதுவும் உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களை வைத்து, விதிப்படிதான். மற்றவர்கள் செய்யக்கூடியது காவல். மலையடிவாரத்தில் சோளமும் கடலையும் போடுகிறவர்கள் மரத்தில் பரண் கட்டி, டார்ச்சும் தகரமும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். உறவினர் ஒருவரின் பரணுக்கு இந்த ஸ்டிக்கைக் கொடுத்துப் பார்த்தோம், நன்றாக உதவியது. ஆனால் தினமும் ஒரே மரத்தில் ஏறுகிறவருக்கு நிலையான மர ஏணியே போதும். ஸ்டிக்கின் பலன் மரத்துக்கு மரம் மாறுகிற வேலையில்தான் தெரியும்.

அப்படிப்பட்ட வேலை கவாத்து. மே மாதக் கோடை மழை முடிந்து தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் நிழலைக் குறைத்தாக வேண்டும். அடர்ந்த நிழலோடு மழைக்காலத்துக்குள் போனால் செடியில் அழுகல் நோய் வரும், சரம் சரமாகக் காய் கொட்டும். வெட்டு அதிகமாகிவிட்டால் அடுத்த கோடையில் செடி கருகும். கீழ்க் கிளைகளைக் கழித்து மேலே குடை மாதிரி விட வேண்டும். அதற்கு ஆள் மரத்தில் ஏறியே ஆக வேண்டும்.

இத்தனை காலம் ஏறியது ஒற்றை மூங்கில் ஏணியில். முற்றிய மூங்கிலின் கணுக்களில் கிளையை ஒரு சாண் விட்டு வெட்டி, அந்தக் கட்டையையே மிதியாக வைத்துக்கொள்வார்கள். செலவு குறைவு, காய்ந்திருந்தால் மின்சாரம் எளிதில் பாயாது, மரத்துக்குச் சேதமில்லை. அதில் ஏறுகிறவர்களின் லாவகத்தைப் பார்த்தவர்கள் அதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். ஆனால் முப்பது அடி மூங்கிலைச் சரிவில், ஏலச் செடி ஒடியாமல், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். மழையில் கணுக்கட்டை வழுக்கும். உள்ளே உளுத்திருப்பது வெளியே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், ஏறுகிறவர் எதோடும் கட்டப்படாமல் ஏறுகிறார். ஒரு கை மரத்தில், ஒரு கை அரிவாளில்.

ஸ்டிக்கில் ஏறும் முறை வேறு. முதல் துண்டை இடுப்பு உயரத்தில் மரத்தோடு வைத்து, வாரைச் சுற்றி, பக்கிளில் கோத்து இறுக்க வேண்டும். இறுக்கியதும் ஏறிவிடக் கூடாது. மேல் மிதியைக் கையால் பிடித்துக் கீழ்நோக்கி ஒரு அழுத்து. பல் பட்டைக்குள் இறங்கும்போது ‘நறுக்’கென்று ஒரு சத்தம் வரும், துண்டு அரை அங்குலம் கீழே நகர்ந்து நிற்கும். அதற்குப் பிறகு வாரை இன்னொரு தடவை இழுத்தால் இறுகியதா என்று கைக்கே தெரிந்துவிடும். அந்தச் சத்தம் வராவிட்டால் கழற்றி, கொஞ்சம் தள்ளி, மறுபடி மாட்ட வேண்டும். பாசி படிந்த மரத்தில் பல் பாசியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆள் எடை வந்ததும் பாசியோடு சறுக்கும். அதனால் மாட்டும் இடத்தை முதலில் அரிவாள் முதுகால் சுரண்டிவிடுகிறோம். அடுத்த துண்டை எட்டுகிற உயரத்தில் மாட்டி, அதே அழுத்து, அதே இழுப்பு. நாலு துண்டில் பதினைந்து அடிக்கு மேல் கால் போய்விடும். அதற்கு மேல் கிளை பிடித்து ஏறுகிற மரங்களே எங்களிடம் அதிகம்.

ஆனால் இந்த அனுபவத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஸ்டிக்கைப் பற்றி இல்லை, கூட வரவேண்டிய கயிற்றைப் பற்றி. வேட்டைக்காரர்கள் தரையில் நிற்கும்போதே ஹார்னஸை, அதாவது உடம்போடு கட்டுகிற பாதுகாப்பு வாரைப் போட்டு, இடுப்பின் இருபுற வளையத்திலும் மாட்டிய கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டுதான் முதல் மிதியில் கால் வைப்பார்கள். ஏற ஏற அந்தக் கயிறும் மேலே நகரும். மூங்கில் ஏணியில் இது சுலபமில்லை, ஏணியும் மரமும் சேர்ந்து கயிற்றை மறிக்கும். ஸ்டிக் மரத்தை ஒட்டி நிற்பதால் கயிறு தடையில்லாமல் வரும். கிளை குறுக்கிட்டால் இரண்டாவது கயிற்றைக் கிளைக்கு மேலே போட்டு மாட்டிய பிறகே முதல் கயிற்றைக் கழற்ற வேண்டும். எந்த நேரமும் ஒரு கயிறாவது உடம்பில் இருக்க வேண்டும் என்பதில் எங்கள் தோட்டத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

வேட்டைக்காரருக்கு இல்லாத ஒரு ஆபத்து நமக்கு உண்டு. அவர் மேலே போய்ச் சும்மா உட்காருகிறார், நாம் அரிவாளை வீசுகிறோம். தவறி ஒரு வெட்டு கயிற்றில் விழுந்தால் அவ்வளவுதான். மரம் வெட்டும் தொழிலில் இருப்பவர்கள் இதற்கென்றே உள்ளே எஃகுக் கம்பி வைத்த இடுப்புக் கயிறு பயன்படுத்துகிறார்கள். நாங்களும் அதற்கு மாறிவிட்டோம். வெட்டும்போது அந்தக் கம்பிக் கயிறு ஒன்று, தலைக்கு மேலே கிளைத்தண்டில் போட்ட சாதாரணக் கயிறு ஒன்று, ஆக இரண்டு பிடி. கனமான கிளைக்கு முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டுப் போட்டுவிட்டுத்தான் மேலே வெட்டுவது. இல்லாவிட்டால் கிளை முறியும்போது பட்டை நார் நாராக உரிந்து ஸ்டிக் வரைக்கும் வரும்.

ஹார்னஸ் வாங்கும்போது ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கட்டட வேலைக்கு விற்கிற பலவற்றில் முதுகில் மட்டும் வளையம் இருக்கும், அது நமக்குப் போதாது. இடுப்பின் இருபக்கமும் வளையம் வேண்டும். இடுப்பை மட்டும் சுற்றுகிற பெல்ட் வேண்டவே வேண்டாம். விழுந்தால் அதுவே வயிற்றையும் முதுகையும் நசுக்கும். தொங்கிக்கொண்டிருப்பவரைக் கால் அசையாமல் அப்படியே விட்டாலும் ரத்த ஓட்டம் தடைப்பட்டு மயக்கம் வரும், உயிரே போகலாம். காலை ஊன்றி நிற்க ஒரு சுருக்குக் கயிறு ஹார்னஸிலேயே தொங்க வேண்டும், கீழே ஒரு ஆள் எப்போதும் நிற்க வேண்டும். தனியாக ஏறும் பேச்சே இல்லை.

கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூரிலிருந்து ஜீப்பில் வேலைக்கு வரும் அண்ணன் ஒருவர்தான் எங்கள் கவாத்து ஆள். எனக்கு நினைவு தெரிந்த நாளாக மரம் ஏறுகிறவர். முதல் பருவத்தில் ஸ்டிக்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இத மாட்டி முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு மரத்த முடிச்சிருவேன்” என்றார். அது உண்மை. இன்றைக்கும் மூங்கிலைவிட நேரம் பிடிக்கத்தான் செய்கிறது. நான் சம்பளத்தை மரக் கணக்கிலிருந்து நாள் கணக்குக்கு மாற்றினேன். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் எந்த ஆளும் கயிறு மாட்டமாட்டார். நேரம் அவர் வயிற்றில் அடிக்கும். தோட்டம் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பருவத்தில் அவரே சொன்னார்: “இடுப்பு கட்டியிருக்கையில கை ரெண்டும் நமக்கு மிச்சம்ப்பா. வீட்லயும் கேக்குறாக, இன்னைக்கு பெல்ட்டு மாட்டுனியளான்னு.”

மரத்துக்கு மரம் குணம் வேறு. சில்வர் ஓக்கின் வெடித்த பட்டையில் பல் அருமையாகப் பிடிக்கும். சந்தன வேம்பு, அயினி, நாவல் எல்லாம் தைரியமாக மாட்டலாம். பலாவும் நல்ல மரம்தான், பல் பட்ட இடத்தில் பால் வடியும், வாரில் ஒட்டினால் கழுவுவது பெரும்பாடு. யூகலிப்டஸில் பட்டை உரிந்து கையோடு வரும், அதில் மாட்டுவதில்லை. முள்முருக்கு பார்க்கப் பருமனாக இருந்தாலும் மென்மரம், ஆளைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. பழைய காட்டு மரங்களின் சுற்றளவுக்குக் கம்பெனி வார் எட்டாது, நீள வார் தனியாக வாங்க வேண்டும். இரண்டு வாரை முடிச்சுப் போட்டு இணைக்காதீர்கள்.

இனி மிளகு. எங்கள் பக்கம் கரிமுண்டா ரக மிளகுக் கொடி நிழல் மரங்களிலேயே படர்ந்திருக்கும். கொடி பற்றுவேர் விட்டு மரத்தைச் சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருப்பதால் வார் சுற்ற வெறும் இடமே இருக்காது. சுற்றினால் கொடியோடு சேர்த்துத்தான் இறுக்க வேண்டும். பல் கொடித்தண்டில் இறங்கும், கயிறு நகரும் இடமெல்லாம் மிளகு காய்க்கிற திரி உதிரும். ஒரு கொடியில் செய்து பார்த்ததோடு நிறுத்திவிட்டோம். மிளகுக்குச் சாய்த்து வைக்கிற ஏணிதான். தென்னை, பாக்குக்கும் இது தேவையில்லை. கண்ணூர் மாவட்டம் செம்பேரியின் ஜோசப் உருவாக்கிய ஏறும் கருவி இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் அந்த வகைக் கருவியில் பயிற்சியும் கொடுத்தது. கிளையில்லாத, ஒரே சீரான தண்டுக்கு அதுதான் சரி.

வருடங்கள் போகப் போகத் தெரிந்த சில விஷயங்கள். குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. தேய்வதெல்லாம் வாரும் பக்கிளும்தான். வெயில் பட்ட வார் நிறம் வெளுத்து முரமுரப்பாகும், ஓரத்தில் நூல் பிரியும். அதைப் பார்த்ததும் கழித்துவிட வேண்டும். பக்கிளின் ஸ்பிரிங்கில் மண்ணும் பாசியும் ஏறிப் பல் முழுதாக மூடாமல் நிற்கும், பச்சைத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் சரியாகும். ஸ்டோரில் எலி வாரைக் கடிக்கிறது. இப்போது மூடி போட்ட தகர டிரம்மில் வைக்கிறோம். மிதியின் ரிவெட், போல்ட் எல்லாவற்றையும் பருவம் தொடங்குமுன் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கிறோம்.

காலணி பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அட்டைக்குப் பயந்து தோட்டத்தில் எல்லோரும் கம்பூட்ஸ்தான் போடுவோம். அதன் தடித்த அடியில் மெல்லிய மிதி காலுக்கே தெரியாது, ஈரமானால் வழுக்கும். வெறுங்காலோடு நின்றால் அரை மணியில் உள்ளங்கால் விண்டுபோகும். பிடிப்புள்ள அடி வைத்த கான்வாஸ் ஷூவை மரத்தடியில் மாற்றிக்கொண்டு ஏறுவதுதான் வழி. சாக்ஸில் புகையிலைத் தண்ணீர் தெளித்தால் அட்டை ஏறுவதும் குறையும்.

அலுமினியத்தில் மின்சாரம் பாயும். தோட்டத்துக்குள் லைன் போகிற இடத்தில், லைனை எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிற மரத்தில் ஸ்டிக்கையோ அலுமினிய ஏணியையோ வைக்கவே கூடாது. வெட்டிய பச்சைக் கிளை கம்பியில் விழுந்தாலும் அதே கதிதான். அந்த மரங்களுக்கு மின்வாரியத்தில் சொல்லி, லைனை நிறுத்திய பிறகே வேலை.

விலை அதிகம் என்று பட்டறையில் செய்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இரும்பில் செய்தால் கனம் கூடும், ஆனால் நம் பட்டறைகளில் இரும்பை நன்றாக வெல்டிங் செய்வார்கள். அலுமினியத்தை அப்படி நம்பிக் கொடுக்காதீர்கள். 6061 ரகம் போன்ற பதப்படுத்திய அலுமினியக் குழாயில் வெல்டிங் சூடு பட்ட இடம் தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும், பார்வைக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் செய்து வாங்கியதில் மிதி வெல்டிங்கை ஒட்டியே விட்டுக்கொண்டது. கால் வைத்தது முதல் துண்டில் என்பதால் காயமில்லை.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வாங்க முடியாதவர்கள் ஹார்னஸையும் கம்பிக் கயிற்றையும் முதலில் வாங்குங்கள். கிளை தாழ்ந்த மரங்களில் அதை வைத்துக்கொண்டு இந்தப் பருவமே வேலை தொடங்கலாம். ஸ்டிக்கை அடுத்த மேக்கு முன்னால் வாங்கிக்கொள்ளலாம்.