மண் ஃபேஜ் தேடலுக்கு 0.22 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டர்

மண்ணிலிருந்து பாக்டீரியோஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், சுருக்கமாக ஃபேஜ்) பிரிக்க, பாலிஈதர்சல்ஃபோன் சவ்வுள்ள ஃபில்டர்தான் சரியான தேர்வு. இதில் புரதம் குறைவாகவே ஒட்டும். நைலான் சவ்வு ஃபேஜ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வாங்க வேண்டாம்.

பெரிய குறை, களிமண் சீக்கிரம் அடைத்துவிடும். 2 கிராம் மண்ணை 10 மில்லிலிட்டர் பஃபர் கரைசலில் ஒரு மணி நேரம் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் 4000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி, மேலே தெளிந்ததை மட்டும் வடிகட்டுங்கள். அடைத்த பிறகும் அழுத்தித் தள்ளினால் சவ்வு கிழியும். சிரிஞ்ச் சிறிதாக இருந்தால் அழுத்தம் இன்னும் கூடும். கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. வடிநீரில் ஒரு துளியை அகார் தட்டில் வைத்து ஒருநாள் இன்குபேட்டரில் விடுங்கள். காலனி முளைத்தால் பாக்டீரியா தப்பி வந்திருக்கிறது, மறுபடி வடிகட்டத்தான் வேண்டும்.

குளோரோஃபார்ம் சேர்த்த லைசேட்டை (ஃபேஜ் தாக்கி பாக்டீரியா உடைந்த திரவத்தை) இதில் ஊற்றவே கூடாது, சவ்வு கெட்டுவிடும். மிகப் பெரிய ஃபேஜ்களைத் தேடுவோர் 0.45 மைக்ரான் எடுக்கலாம். சில பாக்டீரியாவும் கூடவே தப்பி வரும்.

வடிநீர் சுத்தமாக இருந்தும் பிளாக் (plaque, பாக்டீரியா படலத்தில் ஃபேஜ் அழித்த தெளிவான வட்டம்) வரவில்லையா? ஃபில்டரைக் குறை சொல்லும் முன், டாப் அகாரில் (பாக்டீரியாவோடு கலந்து தட்டின் மேல் ஊற்றும் மென்மையான அகாரில்) 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். பல ஃபேஜ்களுக்கு அது இல்லாமல் தொற்று நடக்காது.